லாப்ரடாரை ரயிலில் டெல்லிக்குக் கூட்டிப்போக: டாக்டரிடம் எப்போது போவது, மாத்திரை கொடுக்கலாமா?

மே கடைசியில் சென்னையிலிருந்து டெல்லிக்குக் குடிபோகிறீர்கள். கூட வருவது நான்கு வயது ஆண் லாப்ரடார், 34 கிலோ. ரேபிஸ் ஊசி போன வருஷம் ஜூனில் போட்டது. குட்டியாக இருந்தபோது காரில் ஏற்றினால் வாந்தி எடுப்பான். ரயிலில் கூட்டிப்போக 'ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்' வாங்க எத்தனை நாள் முன்பு டாக்டரிடம் போக வேண்டும், வழியில் ரகளை பண்ணாமல் இருக்கத் தூக்க மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மனதில் ஓடுவது ஒரு காகிதத்தையும் ஒரு மாத்திரையையும் பற்றி மட்டும் இல்லை. இரண்டு இரவு, ஒரு பகல் நீளும் பயணத்தை அவன் தாங்குவானா என்பதுதான் நீங்கள் கேட்பது. நான் கேள்வியை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

சான்றிதழுக்குப் புறப்பாட்டுக்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் போனால் போதும். ஆனால் அது டாக்டரிடம் போகும் இரண்டாவது தடவையாக இருக்க வேண்டும். முதல் தடவை ஐந்து, ஆறு வாரம் முன்பே போய்விடுங்கள். தூக்க மாத்திரை வேண்டாம். நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆனாலும் உங்கள் நாயை நான் தொட்டுப் பார்க்கவில்லை. அதனால் எந்த மருந்துக்கும் மில்லிகிராம் கணக்கு இங்கே சொல்லப் போவதில்லை. அதை எடை பார்த்து, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்த டாக்டர்தான் எழுத வேண்டும்.

ஏன் அவ்வளவு முன்னால்? முதல் காரணம் தடுப்பூசி. ஜூனில் போட்ட ரேபிஸ் ஊசி மே கடைசியில் காகிதப்படி செல்லும். டெல்லியில் இறங்கிய சில நாளில் ஓராண்டு முடிந்துவிடும். புது ஊர், புது டாக்டர், சாமான் பிரிக்கிற அவசரம் என்று அந்த ஊசி தள்ளிப்போகும். வழக்கமாகப் போடும் நாய்க்குச் சில வாரம் முன்கூட்டியே பூஸ்டர் போடுவதில் கெடுதல் எதுவும் இல்லை. முதல் தடவை போகும்போதே போட்டுவிடுங்கள். இதை ரயில் ஏறுவதற்கு முந்தின நாளுக்கு வைக்கக் கூடாது. ஊசி போட்ட ஒன்றிரண்டு நாள் லேசான காய்ச்சல், சோர்வு, ஊசி போட்ட இடத்தில் வலி என்று சில நாய்கள் படுத்துவிடும். அப்படி ஒரு நாய் ரயிலில் சாப்பிடாமல் கிடந்தால் ஊசியால் வந்த சோர்வா, வேறு நோயா என்று உங்களுக்கும் தெரியாது, போனில் கேட்கும் டாக்டருக்கும் தெரியாது. இதுவரை ரேபிஸ் ஊசியே போடாத நாய் என்றால் கணக்கு வேறு: எதிர்ப்புச் சக்தி முழுமையாக வர மூன்று, நான்கு வாரம் ஆகும்.

ஊசி புத்தகத்தைக் கையில் எடுத்து ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு ஊசிக்கு எதிரிலும் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சின்ன ஸ்டிக்கர் இருக்க வேண்டும். அதில் தயாரிப்பு எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். பக்கத்தில் போட்ட தேதி, டாக்டரின் கையெழுத்து, முத்திரை, கால்நடை மருத்துவ கவுன்சில் பதிவு எண். வீட்டுக்கு வந்து ஊசி போடுகிறவர்கள் அவசரத்தில் தேதியை மட்டும் எழுதிவிட்டுப் போவது நிறைய நடக்கிறது. ரயிலில் நாய்க்குப் பணம் கட்டும் பார்சல் ஆபீஸில் அந்தப் பக்கத்தைக் காட்டி வாதாடிக்கொண்டிருக்க முடியாது. ஸ்டிக்கர் இல்லையென்றால் இப்போதே போட்டவரிடம் கேட்டு வாங்குங்கள், கிடைக்காவிட்டால் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

'நைன் இன் ஒன்' அல்லது 'செவன் இன் ஒன்' என்று போடும் கூட்டு ஊசியையும் பாருங்கள். அதில் எலி மூத்திரத்தால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் பகுதிதான் சீக்கிரம் வலுவிழப்பது. அதற்கு ஓராண்டுதான் நம்பிக்கை. தண்டவாளமும் பிளாட்பாரமும் எலிகளின் இடம், உங்கள் லாப்ரடார் கண்ட இடத்தில் மூக்கை வைப்பான். நீண்ட நாள் விட்டுப்போயிருந்தால் மூன்று, நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ் வேண்டியிருக்கும். கடைசி வாரத்தில் போய் நின்றால் இதற்கு நேரமே இருக்காது.

இரண்டாவது காரணம்தான் சென்னை நாய்களுக்கு எனக்கு முக்கியமாகப் படுவது: உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்து எர்லிக்கியா என்ற கிருமி உள்ளே போனால் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் காய்ச்சல் வரும். சில நாய்களில் வெளியே எதுவும் தெரியாமல் மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். நன்றாகத் தின்றுகொண்டு வாலாட்டிக்கொண்டு இருக்கிற நாய்க்கும் ரத்தத்தில், உறைவதற்கு உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கும். இடமாற்றம், வெயில், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து அழுத்தம் கொடுக்கும்போது நோய் வெளியே வரும், அதுவும் புது ஊரில். அதனால் முதல் தடவை போகும்போது ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையும், ஒரு துளியைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ரத்தப் பூச்சுப் பரிசோதனையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். தட்டணுக்கள் சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டருக்கு இரண்டு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை இருக்கும். அதற்குக் குறைந்தால் டாக்டர் மேற்கொண்டு பார்ப்பார். எர்லிக்கியா என்று உறுதியானால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை 28 நாள் கொடுக்க வேண்டும். ஐந்து, ஆறு வாரம் முன்பு போங்கள் என்று நான் சொல்வதன் கணக்கு இதிலிருந்துதான் வருகிறது: பரிசோதனை, 28 நாள் மருந்து, மறுபரிசோதனை எல்லாம் முடிந்து நாய் தெளிவாக ரயில் ஏற அவ்வளவு நாள் வேண்டும்.

உண்ணி மருந்தும் அன்றே ஆரம்பிக்கலாம். ஃப்ளூரலானர் மாத்திரை சுமார் 12 வாரமும், அஃபாக்ஸோலானர் ஒரு மாதமும் வேலை செய்யும். ஃப்ளூரலானரை வெறும் வயிற்றில் கொடுத்தால் சரியாக உறிஞ்சாது, சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். உங்கள் நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள், இந்த வகை மாத்திரைகளில் அது முக்கியம். முதுகில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து என்றால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. ஊருக்குப் போகிறோமே என்று முந்தின நாள் மருந்து விட்டு, மறுநாள் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினால் மருந்து பெரும்பாலும் தண்ணீரோடு போய்விடும். குடற்புழு மருந்தும் இந்தச் சமயத்திலேயே. ரயில் ஏறும் வாரத்தில் வேண்டாம், சில நாய்களுக்கு அது ஒருநாள் வயிற்றைக் கலக்கும்.

அந்த முதல் சந்திப்பில் டாக்டர் வேறு என்ன பார்ப்பார் என்றால் எடை, இதயம், நுரையீரல், காது, பல், நகம், தோல், நிணநீர்க் கட்டிகள். லாப்ரடாருக்கு எடையைக் கொஞ்சம் கண்டிப்பாகவே பார்க்கச் சொல்லுங்கள். விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரிய வேண்டாம், ஆனால் கையால் லேசாகத் தடவினால் தட்டுப்பட வேண்டும். அழுத்தித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால் கொழுப்பு அதிகம். கொழுத்த நாய் வெயிலில் சீக்கிரம் விழும். மே மாதத்தில் விஜயவாடா, நாக்பூர், ஜான்சி வழியாகப் போகப் போகிறவனுக்கு இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. இதைப் படிக்கும் வேறு யாராவது எட்டு வயதுக்கு மேற்பட்ட நாயைக் கூட்டிப்போவதாக இருந்தால் சிறுநீரக, கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயதான லாப்ரடார் மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம் வந்தால், குரைக்கும் குரல் மாறியிருந்தால், குரல்வளைத் தசை தளர்ந்திருக்கலாம். அதைப் பார்க்காமல் வெயில் காலப் பயணம் கூடாது. மைக்ரோசிப் போட்டிருந்தால் ஸ்கேனரை வைத்து அந்த 15 இலக்க எண் வருகிறதா, புத்தகத்தில் இருப்பதும் அதுவும் ஒன்றா என்று அன்றே சரிபார்த்துக்கொள்ளுங்கள். பதிவில் உள்ள போன் நம்பர் இப்போது உங்களிடம் இருக்கிறதா என்பதும் முக்கியம்.

இனி மாத்திரை. 'தூக்க மாத்திரை' என்று நாய்களுக்கு நெடுங்காலமாகக் கொடுத்துவருவது அசிப்ரோமசின். அது உடம்பைத் தளர்த்தும், பயத்தைக் குறைக்காது. நாய் அசையாமல் கிடக்கும், உள்ளே பதற்றம் அப்படியே இருக்கும், சத்தத்துக்கு இன்னும் மிரளும். ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடல் சூட்டைச் சரிப்படுத்தும் திறனையும் கெடுக்கும். வெயிலில் போகும் நாய்க்கு இரண்டாவது கோளாறு உயிருக்கே ஆபத்து. விமானத்தில் போகும் பிராணிகளுக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டாம் என்று விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டா சொல்வதன் பின்னால் இருப்பதும் இதே காரணங்கள்தான். இதெல்லாம் உறுதியாகத் தெரிந்த விஷயம். வீட்டில் இருக்கும் அவில் (அலர்ஜி மாத்திரை), அல்ப்ராசோலம் (மனிதர்களுக்கான பதற்ற மாத்திரை) போன்றவற்றை யாராவது சொன்னார்கள் என்று கொடுக்காதீர்கள். அவில் சில நாயைத் தூங்க வைக்கும், சிலதை ஒன்றும் செய்யாது. அல்ப்ராசோலம் சில நாய்களை நேர் எதிராகக் கிளப்பிவிட்டுக் கட்டுக்கடங்காமல் ஆக்கும். எது எந்த நாய்க்கு என்று பார்த்துச் சொல்ல முடியாது.

நிஜமாகவே மிரளுகிற நாய் என்றால் டிரசோடோன், கபபென்டின் போன்ற மருந்துகளை டாக்டர் யோசிப்பார். அவை பதற்றத்தைக் குறைக்கும் மருந்துகள், நாயை மயக்கிப் போடுவதற்கானவை அல்ல. இதில் ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: முதல் டோஸ் ரயில் ஏறும் நாளில் இருக்கக் கூடாது. பத்து நாளாவது முன்னால், நீங்கள் வீட்டில் இருக்கும் ஒரு நாளில் கொடுத்து, ஆறு முதல் எட்டு மணி நேரம் கூடவே இருந்து பாருங்கள். தள்ளாடுகிறானா, வாந்தியா, வழக்கத்துக்கு மாறாகத் துள்ளுகிறானா என்று குறித்து டாக்டரிடம் சொன்னால் அளவைச் சரிசெய்வார். மனிதர்களுக்கான சிரப்புகளில் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், அது நாய்க்கு விஷம். அதனால் மருந்துக் கடையில் மாற்று பிராண்ட் கொடுத்தால் பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். மனதை அமைதிப்படுத்தும் வாசனைக் காலர், மூலிகைப் பிஸ்கட், இறுக்கிக் கட்டும் சட்டை இவையெல்லாம் சந்தேகப் பட்டியல். சில நாய்களுக்கு உதவுவதுபோலத் தெரிகிறது, சான்று பலவீனம். கெடுதல் இல்லை, அவற்றை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள்.

வாந்தி வேறு விஷயம். குட்டியில் காரில் வாந்தி எடுத்த நாய்கள் பெரும்பாலும் வளர்ந்த பிறகு எடுப்பதில்லை, ரயிலில் ஆட்டமும் காரைவிடக் குறைவு. இப்போது காரில் எப்படி இருக்கிறான் என்று பாருங்கள்: எச்சில் ஒழுகுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, அடிக்கடி கொட்டாவி விடுவது ஆகியவை குமட்டலின் அறிகுறிகள். இருந்தால் மாரோபிடன்ட் என்ற மாத்திரை நன்றாக வேலை செய்யும். இதில் அடிக்கடி நடக்கும் தவறு அளவில். பயண வாந்திக்கு வேண்டிய டோஸ், சாதாரண வாந்திக்குக் கொடுப்பதைப்போல நான்கு மடங்கு. வீட்டில் மிச்சமிருந்த மாத்திரையைப் பழைய சீட்டின்படி கொடுத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்பார்கள். புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு, ஒரு வாய் சாப்பாட்டோடு கொடுப்பது வழக்கம். நமக்குக் கொடுக்கும் ஆன்டன்செட்ரான் பயண வாந்திக்கு அவ்வளவாகப் பயன்படாது.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து புறப்படும் வரை உள்ள வாரங்கள் பழக்கத்துக்கு. எதை விட்டாலும் மூத்திரப் பழக்கத்தை விடாதீர்கள். மண்ணிலும் புல்லிலும் மட்டுமே காலைத் தூக்கிப் பழகிய நாய் சிமென்ட் பிளாட்பாரத்தில் நின்று உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும், வண்டி கிளம்பிவிடும். பிடிவாதக்கார நாய்கள் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் அடக்கிக்கொள்ளும். அதனால் மொட்டை மாடியிலோ பால்கனியிலோ மூத்திரத்தை உறிஞ்சும் பெரிய சைஸ் 'பேட்' ஒன்றை விரித்து, அதன் மேல் அவன் வழக்கமாகப் போகும் இடத்துப் புல்லையோ அவன் மூத்திரம் தொட்ட காகிதத்தையோ வையுங்கள். தூங்கி எழுந்த உடனே லீஷோடு அங்கே கூட்டிப்போய், ஒரே வார்த்தையைச் சொல்லி, போன அடுத்த நொடி தின்பண்டம் கொடுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் பெரும்பாலான நாய்கள் அந்த வார்த்தையைக் கேட்டதும் மூத்திரம் போகத் தொடங்கும். அது வந்துவிட்டால் ரயிலில் கூபேயின் (இரண்டு பெர்த் உள்ள தனி அறை) தரையே போதும்.

மசில் (கடிக்காமல் இருக்க வாயில் மாட்டும் கூடு) போட்டுப் பழக்குங்கள். டிக்கெட் பரிசோதகரான டிடிஇ கேட்கலாம், நடைபாதையில் குழந்தைகள் குறுக்கே ஓடலாம். துணிப்பட்டை மாதிரி வாயை இறுக்கிக் கட்டுவது வேண்டாம். அதில் நாய் வாயைத் திறந்து மூச்சு இளைக்க முடியாது, சூடு வெளியேறாது. கூடை வடிவ மசில் வாங்கி, முதல் வாரம் அதற்குள் தின்பண்டம் வைத்துத் தானாக மூக்கை நுழைக்க விட்டு, பிறகுதான் பட்டையை மாட்டுங்கள். ரயில் சத்தத்தைப் போனில் மெதுவாக ஓடவிட்டு அந்த நேரத்தில் சாப்பாடு வைப்பது, நாளுக்கு நாள் சத்தத்தைக் கூட்டுவது, புறநகர் ரயில் நிலையம் பக்கமாக நடைக்குக் கூட்டிப்போவது எல்லாம் உதவும். பயந்து பின்வாங்கினால் அன்று அவ்வளவுதான், இழுக்கக் கூடாது.

ரயில்வே விஷயத்துக்கு வருகிறேன். நாயைக் கூட வைத்துக்கொண்டு போக ஏசி முதல் வகுப்பில்தான் வழி. இரண்டு பெர்த் கூபே அல்லது நான்கு பெர்த் கேபின் முழுவதும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், அல்லது உடன் வருபவர்கள் சம்மதிக்க வேண்டும். ஏசி இரண்டடுக்கு, மூன்றடுக்கு, சேர் கார், ஸ்லீப்பரில் அனுமதி இல்லை. மீறி ஏற்றினால் லக்கேஜ் கட்டணத்தைப்போல ஆறு மடங்கு வசூலிப்பார்கள். இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டதால் கூபே கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். யாருக்கு எந்தக் கூபே என்பது பயணிகள் பட்டியல் தயாராகும்போதுதான் முடிவாகும். நாய் வருகிறது, கூபே வேண்டும் என்று பிஎன்ஆர் நகலோடு ரிசர்வேஷன் அதிகாரிகளுக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள். கேபினில் இடம் விழுந்து, உடன் வருபவர் நடுவழியில் மறுத்தால் நாயைக் கார்டு வேனுக்கு (ரயில் கார்டு இருக்கும் பெட்டி) மாற்றச் சொல்வார்கள், கட்டிய பணம் திரும்பாது. எனவே கூபே கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவையுங்கள். வண்டிக்கு மூன்று மணி நேரம் முன்பு பார்சல் ஆபீஸில் நாயோடு இருக்க வேண்டும். டிக்கெட், அடையாள அட்டை, ஊசி புத்தகம், சான்றிதழ் இவற்றைக் காட்டி, லக்கேஜ் கட்டணம் கட்டி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்துவையுங்கள். விதி ஒன்றுதான் என்றாலும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நடைமுறை கொஞ்சம் மாறும், ஒரு வாரம் முன்பு நேரில் போய்க் கேட்டுவிடுவது நல்லது.

கார்டு வேனில் இருக்கும் நாய்ப்பெட்டி பற்றியும் சிலர் சொல்லியிருப்பார்கள். விதிப்படி அது அனுமதிக்கப்பட்ட வழிதான். ஆனால் மே மாதத்தில் ஏசி இல்லாத இரும்புப் பெட்டியில், சத்தத்தில், சுமார் 2,180 கிலோமீட்டர் ஒரு லாப்ரடாரை அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன். பக், புல்டாக், ஷிட்ஸு மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு அந்தப் பேச்சே கூடாது. விமானம் என்றால் இந்த எடைக்குச் சரக்கு அறைதான் கிடைக்கும். கூண்டின் நீளம், மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையான நீளத்தோடு முன்னங்கால் முழங்கை உயரத்தில் பாதியைக் கூட்டிய அளவு. அகலம் தோள் அகலத்தைப்போல இரண்டு மடங்கு. உயரம் நின்றால் காது நுனி இடிக்காத அளவு. காரில் போவதானால் மூன்று, நான்கு நாள் ஆகும். டீ குடிக்க இறங்கும்போதுகூட பூட்டிய காரில் விட்டுவிட்டுப் போகக் கூடாது, வெயிலில் பத்து நிமிடத்தில் உள்ளே சுமார் பத்து டிகிரி செல்சியஸ் ஏறிவிடும்.

இரண்டாவது தடவை டாக்டரிடம் போவது சான்றிதழுக்கு. இந்தச் சான்றிதழ் வெறும் சம்பிரதாயம் இல்லை. 1978-ம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளே நாய், பூனைக்கு இதைக் கட்டாயமாக்குகின்றன: பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது, ரேபிஸ் உட்படத் தொற்று நோய்க்கான அறிகுறி இல்லை என்று கால்நடை மருத்துவர் எழுதித் தர வேண்டும். நாயைக் கூட்டிப்போகாமல் கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள். அன்று காய்ச்சல், ஈறின் நிறம், காது, உண்ணி, இருமல் எல்லாம் பார்த்துத்தான் எழுத வேண்டும். லெட்டர்ஹெட், பதிவு எண், முத்திரை, தேதி, நாயின் இனம், நிறம், பால், வயது, ரேபிஸ் ஊசி தேதி எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். ஞாயிறு இரவு வண்டி என்றால் சனிக்கிழமை காலையே வாங்கிவிடுங்கள், ஞாயிறு பல கிளினிக் மூடியிருக்கும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் வாங்கலாம், பதிவு பெற்ற எந்தக் கால்நடை மருத்துவரும் தரலாம்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மாதிரி இரவு பத்து மணி வண்டி என்று வைத்துக்கொண்டால், அன்று காலை வழக்கமான சாப்பாடு, மாலை நான்கு மணிக்குப் பாதி அளவு. ஆறு மணிக்கு நீண்ட நடை, முடிந்தால் இரண்டு தடவை வெளிக்குப் போகவைத்துவிட்டு ஸ்டேஷன். காலர் ஒன்று, ஹார்னஸ் ஒன்று, இரண்டிலும் தனித்தனி லீஷ். மிரண்ட நாய் பின்னோக்கி இழுத்தால் காலர் தலை வழியே கழன்றுவிடும், சென்ட்ரல் கூட்டத்தில் கழன்றால் பிடிப்பது கஷ்டம். கூபேயில் அவன் வீட்டில் படுக்கும் விரிப்பையே துவைக்காமல் கொண்டுபோய் விரியுங்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் லீஷ் ஒருவர் கையில் இருக்க வேண்டும். அட்டெண்டர் போர்வை கொடுக்க வரும் நேரத்தில்தான் பெரும்பாலும் நாய் வெளியே பாயும்.

அந்த 1978 விதிகளே கோடையில் நான்கு மணிக்கொரு தடவை தண்ணீர், வளர்ந்த நாய்க்குப் பன்னிரண்டு மணிக்கொரு தடவை சாப்பாடு என்று சொல்கின்றன. நல்ல அளவுகோல்தான். 34 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றே முக்கால் லிட்டர் வேண்டும். ஒரே தடவையில் வாளி நிறைய வைக்காமல் இரு நூறு, முந்நூறு மில்லியாகக் கொடுங்கள். ஏசியில் கொஞ்சம் குறைவாகக் குடித்தால் கவலை வேண்டாம். சாப்பாடு வழக்கத்தில் பாதி முதல் முக்கால் பங்கு, வீட்டில் தின்னும் அதே சாப்பாடு. பத்து நாளைக்காவது அதையே கையோடு கொண்டுபோங்கள், டெல்லியில் இறங்கிய அன்றே வேறு பிராண்டுக்கு மாற்றினால் வயிற்றுப்போக்கு நிச்சயம் மாதிரிதான். ரயிலில் விற்கும் வடை, கட்லெட், ஆம்லெட் எதுவும் வேண்டாம். அவற்றில் இருக்கும் வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பக்கத்துக் கூபே குழந்தை அன்பாக நீட்டும் சாக்லேட், உலர்திராட்சை, சூயிங்கம் எல்லாம் அதே பட்டியல். நாக்பூர், போபால் போல வண்டி சற்றுக் கூடுதலாக நிற்கும் இடங்களில் இறங்கலாம், ஆனால் மதிய வெயிலில் வேண்டாம். பிளாட்பாரக் கல் பாதத்தைச் சுடும்.

சூடு ஏறுவதன் அறிகுறிகளைக் கூட வரும் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். நாயின் சாதாரண உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். ஏசி நின்றுபோய் நாய் நிறுத்தாமல் மூச்சு இளைக்கிறது, எச்சில் கெட்டியாகி நூலாக இழுக்கிறது, நாக்கும் ஈறும் செங்கல் நிறத்துக்கு மாறுகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். 104-ஐத் தாண்டினால் உடனே வயிறு, தொடை இடுக்கு, அக்குள், பாதம் என்று சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். 103-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். தெளிந்து எழுந்துவிட்டான் என்றாலும் அடுத்த பெரிய ஊரில் டாக்டரிடம் காட்ட வேண்டும். சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் கெடுவது ஓரிரு நாள் கழித்தும் தெரியவரலாம். காய்ச்சல், வலி என்று நம்முடைய இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் எதையும் கொடுக்காதீர்கள்.

டெல்லியில் ஜூன் தொடக்கம் கடும் வெயில். நடை காலை ஆறு மணிக்கு முன், இரவு எட்டுக்குப் பின். முதல் ஒரு வாரம் வாசற்கதவு திறந்திருக்கும்போதெல்லாம் லீஷ். வீடு எது என்று அவனுக்கு இன்னும் பதியவில்லை, வெளியே ஓடினால் திரும்பி வரத் தெரியாது. காலரில் தொங்கும் தகட்டில் டெல்லியில் செல்லும் போன் நம்பர் இருக்கட்டும். மாநகராட்சியில் நாயைப் பதிவு செய்ய ரேபிஸ் ஊசிச் சான்று கேட்பார்கள், இப்போது போட்ட பூஸ்டர் அங்கேயும் உதவும். ஒன்றிரண்டு நாள் சாப்பாடு குறைவது, மலம் இளகுவது சகஜம். மலத்தில் ரத்தம், இரண்டு நாளுக்கு மேல் சாப்பிடாமை, காய்ச்சல், விடாத இருமல், ஈறிலோ வயிற்றுத் தோலிலோ குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள் என எது வந்தாலும் அன்றே அங்குள்ள டாக்டரிடம் காட்டுங்கள். காட்டும்போது சென்னையிலிருந்து வந்த நாய் என்று சொல்லி, ஊருக்குக் கிளம்பும் முன் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளையும் கையில் கொடுங்கள். தட்டணு எண்ணிக்கை அப்போது எவ்வளவு இருந்தது என்பதைத்தான் அவர் முதலில் பார்ப்பார்.